லைசென்ஸ் பயன்பாட்டு அறிக்கை: எந்தக் கட்டத்தில் வடிகட்டுவது?

மதுரையில் உள்ள வடிவமைப்பு நிறுவனங்களும் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களும் வாங்கும் விலை உயர்ந்த மென்பொருள்களில் பல, ஆளுக்கொன்று என்றில்லாமல், சர்வரில் வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஃப்ளோட்டிங் லைசென்ஸாகவே வருகின்றன. 25 லைசென்ஸ் இருந்தால் ஒரே நேரத்தில் 25 பேர் திறக்கலாம். அடுத்தவருக்கு மறுப்புதான் கிடைக்கும். புதுப்பிக்கும் காலம் வரும்போது எத்தனை வாங்குவது என்பதைப் பயன்பாட்டு அறிக்கையை வைத்தே முடிவு செய்கிறார்கள். ஆனால் எதை, எந்தக் கட்டத்தில் வடிகட்டினோம் என்பதைப் பொறுத்து, ஒரே மாதத்தின் தரவு லைசென்ஸைக் குறைக்கலாம் என்றும் சொல்லும், கூட்ட வேண்டும் என்றும் சொல்லும். இப்படிப் பகிரும் லைசென்ஸை நிர்வகிக்கப் பரவலாகப் புழங்கும் மென்பொருளான ஃப்ளெக்ஸ்நெட் சர்வரை வைத்து, நடைமுறையில் உள்ள மூன்று வழிகளை இங்கே எடைபோடுகிறேன்.

முதல் வழி, சர்வரின் அப்போதைய நிலையைக் காட்டும் எல்எம்ஸ்டாட் (lmstat) கட்டளையைக் குறிப்பிட்ட இடைவெளியில் ஓட்டி, அந்தக் கணத்தில் எத்தனை லைசென்ஸ் பயன்பாட்டில் உள்ளன என்பதை எக்செல்லில் சேர்த்து வடிகட்டுவது. எளிது, செலவில்லாதது. ஆனால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்தால், இடையில் ஐந்து நிமிடம் எடுத்துத் திருப்பியவர் பதிவிலேயே வரமாட்டார். யாருக்கு மறுக்கப்பட்டது என்பதும் தெரியாது. இடைவெளியை மிகவும் குறைத்தால் சர்வருக்குச் சுமை கூடும்.

இரண்டாவது வழி, சர்வரின் அமைப்புகளை எழுதிவைக்கும் ஆப்ஷன்ஸ் கோப்பில் நோலாக் (NOLOG) என்ற வரியைச் சேர்த்து, குறிப்பிட்ட வகை நிகழ்வுகள் சர்வரின் நிகழ்வுப் பதிவேடான டீபக் லாகில் எழுதப்படாமலே தடுப்பது. லாக் சிறுத்துப்போகும், படிக்கவும் வசதியாக இருக்கும். ஆனாலும் இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். எழுதப்படாத வரியை ஆறு மாதம் கழித்து நிர்வாகம் கேட்டால் எங்கிருந்தும் எடுத்துத் தர முடியாது.

மூன்றாவது வழி, லாகை முழுமையாகச் சேமித்துவிட்டு, அறிக்கை தயாரிக்கும்போது மட்டும் வடிகட்டுவது. என் தேர்வு இதுதான் என்றாலும், அதிகமான பிழைகள் நுழைவதும் இந்த வழியில்தான். ஏனென்றால் வரியை வடிகட்டுவதும் பயன்பாட்டை வடிகட்டுவதும் ஒன்றல்ல. ஒருவர் காலை 9:10க்கு லைசென்ஸ் எடுத்து மதியம் 1:00க்குத் திருப்புகிறார் என்று கொள்வோம். அலுவல் நேரமான 9:30 முதல் 6:00 வரையிலான வரிகளை மட்டும் வைத்துக்கொண்டால், அவர் லைசென்ஸை எடுத்ததைக் காட்டும் 'அவுட்' வரி வெளியே போய்விடும், திருப்பியதைக் காட்டும் 'இன்' வரி மட்டும் ஜோடியில்லாமல் தங்கிவிடும். கணக்கில் எடுக்காத லைசென்ஸைத் திருப்பியதாக வந்து, எண்ணிக்கை ஒன்று குறையும். முதலில் 'அவுட்' வரியையும் 'இன்' வரியையும் ஜோடி சேர்த்து, ஒவ்வொருவரும் வைத்திருந்த நேரத்தைக் கணக்கிட்டு, அதன் பிறகே அலுவல் நேரத்துக்கு வெட்ட வேண்டும். அவுட், இன் வரிகளில் மணி மட்டுமே இருக்கும். தேதி அவ்வப்போது வரும் டைம்ஸ்டாம்ப் வரியில் இருக்கும் என்பதால், அந்த வரியைக் குப்பை என்று நீக்கிவிட்டால் எந்த நாள் என்பதே தெரியாமல் போகும். சர்வர் கடிகாரம் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடினால் நம் 9:30 அங்கே 4:00 என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மறுப்புகளைப் பொறுத்தவரை வடிகட்டாத அறிக்கை உண்மையில் ஆபத்தானது. லைசென்ஸ் கிடைக்காதவர் விடாமல் நான்கைந்து முறை கிளிக் செய்தால் அத்தனையும் தனித்தனி 'டினைட்' (மறுப்பு) வரிகளாகப் பதிவாகும். ஒரே பயனர், ஒரே கணினி, ஒரே ஃபீச்சர் (லைசென்ஸில் தனியாக எண்ணப்படும் மென்பொருள் அல்லது அதன் பகுதி) என்றால் பத்து நிமிடத்துக்குள் வந்தவற்றை ஒன்றாகச் சேர்ப்பதும், அதற்குள் லைசென்ஸ் கிடைத்துவிட்டிருந்தால் அதைத் தனி நெடுவரிசையில் காட்டுவதும் நியாயமான முறை. வரியின் இறுதியில் உள்ள காரண எண்ணையும் பார்க்க வேண்டும்: -4 என்றால் லைசென்ஸ் தீர்ந்துவிட்டது, -38 என்றால் அந்தப் பயனரை நாமே விலக்குப் பட்டியலில் வைத்திருக்கிறோம். இரண்டாவது வகையைக் காட்டிக் கூடுதல் லைசென்ஸ் கேட்பது வீண்செலவு.

விடுமுறை வடிகட்டியிலும் கவனம் வேண்டும். தலைமை அலுவலகம் சென்னையில் இருந்தால் அங்கே பயன்படுத்தும் நாட்காட்டியில் அழகர் வைகையில் இறங்கும் நாள் வேலை நாளாகவே இருக்கும். மதுரை மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடப்படும் அந்த நாளில் இங்கே பயன்பாடு ஏறக்குறைய இருக்காது என்பதால், அதைச் சேர்த்துக் கணக்கிட்டால் மதுரைக் குழுவின் சராசரி தேவையில்லாமல் இறங்கும்.

குழுவாரியாக வடிகட்டும்போது உச்சங்களைக் கூட்டக் கூடாது. உதாரணமாக, காலை 11 மணிக்கு ஒரு குழு 12 லைசென்ஸையும் மாலை 4 மணிக்கு இன்னொரு குழு 9 லைசென்ஸையும் உச்சமாகத் தொட்டால், மொத்தத் தேவை 21 என்று ஆகிவிடாது. இரண்டும் ஒரே கணத்தில் சேர்ந்து எவ்வளவு இருந்தன என்பதை வடிகட்டாத தரவிலிருந்துதான் எடுக்க வேண்டும். நோலாக் வழியில் அவுட், இன் வரிகளைத் தடுத்துவிட்டவர்களிடம் அந்தத் தரவு இருக்காது.

ஒரே ஒரு மென்பொருளை, பாடவேளை அட்டவணைப்படி மட்டும் பயன்படுத்தும் கல்லூரி ஆய்வகத்துக்கு இவ்வளவு தேவையில்லை. அங்கே மாணவர்கள் ஒன்றாகத் திறந்து ஒன்றாக மூடுவதால், எல்எம்ஸ்டாட் கணக்கே போதுமான அளவு சரியாக இருக்கும். மற்றவர்கள் முழு லாகையும் குறைந்தது ஒரு புதுப்பிப்புக் காலம் முடியும்வரை வைத்திருந்து, எந்தெந்த நிபந்தனைகளால் வடிகட்டினோம் என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். பேரம் பேச வரும் விற்பனைப் பிரதிநிதி முதலில் கேட்பதும் அதைத்தான்.