எம்.எச்.ஏ., எம்.பி.ஏ., எம்.பி.எச்.: மருத்துவமனை நிர்வாகத்துக்கு எந்தப் படிப்பு?

மருத்துவமனை நிர்வாகத்துக்கு வர விரும்புகிறவர்கள் பெரும்பாலும் மூன்று பட்டங்களுக்கு நடுவில் குழம்புகிறார்கள். ஒன்று, எம்.எச்.ஏ. என்கிற சுகாதார நிர்வாக முதுகலை. இரண்டாவது, சுகாதாரத் துறையைச் சிறப்புப் பாடமாக எடுத்துப் படிக்கும் எம்.பி.ஏ. மூன்றாவது, பொது சுகாதாரத்துக்கான எம்.பி.எச். மூன்றின் கையேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் தலைமைப் பண்பு, தரம், நிதி மேலாண்மை என்று ஒரே சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். ஆனால் படித்து முடித்து வேலைக்குப் போகும்போது, ஒரே பிரச்சினையை மூவரும் வேறு வேறு இடத்தில் நின்று பார்ப்பார்கள். அதனால் பாடப் பட்டியலை விட்டுவிட்டு ஒரு பிரச்சினையிலிருந்தே தொடங்குவோம்.

படுக்கை இல்லை என்றால் யார் எங்கே போய்ப் பார்ப்பார்?

மாலை ஆறு மணி. அவசர சிகிச்சைப் பிரிவில் அட்மிட் செய்ய வேண்டிய நோயாளிகள் ட்ராலியிலேயே காத்திருக்கிறார்கள். வார்டில் படுக்கை காலி இல்லை. பெரிய மருத்துவமனை எதிலும் இது தெரிந்த காட்சிதான்.

எம்.எச்.ஏ. படித்தவர் முதலில் வார்டுக்குப் போவார். காலை ரவுண்ட்ஸில் 'இன்று வீட்டுக்குப் போகலாம்' என்று டாக்டர் சொன்ன நோயாளி மாலைவரை ஏன் அதே படுக்கையில் இருக்கிறார் என்று பார்ப்பார். டிஸ்சார்ஜ் சம்மரியை எழுத வேண்டிய ஜூனியர் டாக்டர் வேறொரு நோயாளியோடு இருப்பார். மீதி மருந்து பார்மசிக்குத் திரும்பிப் போகாமல் பில் முடியாது. பில் முடியாமல் இன்சூரன்ஸ் ஒப்புதல் கேட்க முடியாது. ஒப்புதல் வந்த பிறகுதான் வீட்டார் வண்டி ஏற்பாடு செய்வார்கள். அப்புறம் படுக்கையைச் சுத்தம் செய்ய ஆள் வர வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் வேறொரு துறையின் கையில் இருக்கிறது. மொத்தத்துக்கும் பொறுப்பு என்று யாரும் இல்லை. அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளத்தான் எம்.எச்.ஏ. ஆளைத் தயார் செய்கிறது.

இதற்குள் ஒரு எளிய கணக்கும் இருக்கிறது. நாளுக்குச் சராசரியாக 40 பேர் அட்மிட் ஆகிறார்கள், ஒருவர் சராசரியாக 5 நாள் தங்குகிறார் என்றால், எப்போதும் ஏறத்தாழ 200 படுக்கைகள் நிரம்பியிருக்கும். தங்கும் காலம் அரை நாள் குறைந்தால் 180 போதும். ஒரு செங்கல்கூட வைக்காமல் 20 படுக்கைகள் கிடைத்துவிடும். வரிசைகளைப் பற்றிய ஆய்வில் இதற்கு லிட்டில் விதி என்று பெயர். நல்ல எம்.எச்.ஏ. வகுப்பில் இதை முதல் ஆண்டிலேயே கற்றுக்கொடுத்துவிடுவார்கள். மருத்துவமனை நிரம்ப நிரம்பக் காத்திருப்பு சீராக அதிகரிக்காது, ஒரு கட்டத்துக்கு மேல் திடீரென எகிறும் என்பதையும் சேர்த்தே சொல்வார்கள்.

எம்.பி.ஏ. படித்தவரின் கண் வேறு இடத்தில் இருக்கும். புதிதாக 50 படுக்கை கட்டுவதா, அல்லது காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் அறுவை சிகிச்சைகளுக்குத் தனி மையம் தொடங்கி உள்ளே இருக்கும் படுக்கைகளை விடுவிப்பதா? போட்ட முதல் எத்தனை ஆண்டில் திரும்பும்? பக்கத்து மருத்துவமனையை வாங்குவது மலிவா? கனடாவில் டொராண்டோவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஷோல்டைஸ் மருத்துவமனை குடலிறக்க அறுவை சிகிச்சையை மட்டுமே செய்கிறது. எதைச் செய்ய வேண்டாம் என்று முடிவெடுப்பதும் உத்திதான் என்று காட்ட, வணிகப் பள்ளிகள் அதைப் பல ஆண்டுகளாகப் பாடமாக வைத்திருக்கின்றன. எம்.பி.ஏ. பழக்கும் சிந்தனை அந்த வகையைச் சேர்ந்தது.

எம்.பி.எச். படித்தவர் மருத்துவமனையை விட்டே வெளியே போய்விடுவார். ட்ராலியில் இருப்பவர்கள் யார், எந்தப் பகுதியிலிருந்து வருகிறார்கள்? போன மாதம் இதயச் செயலிழப்புக்கு இங்கேயே சிகிச்சை பெற்றுப் போனவர்களில் எத்தனை பேர் திரும்ப வந்திருக்கிறார்கள்? வீட்டில் மாத்திரையை ஒழுங்காக எடுக்க யாராவது உதவியிருந்தால் இந்த அட்மிஷனே தேவைப்பட்டிருக்காதே?

மூன்றும் சரியான கேள்விகள். ஒரு நல்ல மருத்துவமனைக்கு மூன்றும் வேண்டும். ஆனால் உங்களுக்குக் கிடைக்கும் முதல் வேலை இதில் ஒன்றைத்தான் உங்கள் பொறுப்பாகத் தரும்.

எம்.எச்.ஏ.: ஆழம் உண்டு, அகலம் குறைவு

இந்தப் படிப்பின் வேர் 1934-இல் இருக்கிறது. அந்த ஆண்டில்தான் சிகாகோ பல்கலைக்கழகம் மைக்கேல் டேவிஸின் முயற்சியில் மருத்துவமனை நிர்வாகத்துக்கான முதல் முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. மருத்துவமனையை நடத்துவது தனித் தொழில், மூத்த டாக்டரோ மூத்த நர்ஸோ கூடுதல் வேலையாகச் செய்யக்கூடியது அல்ல என்ற எண்ணம் அப்போதுதான் வலுப்பெற்று வந்தது.

இன்றைய பாடத்திட்டத்தில் மருத்துவமனை நிதி, செயல்முறை மேலாண்மை, தரமும் நோயாளி பாதுகாப்பும், சுகாதாரச் சட்டம், மனிதவளம், தகவல் அமைப்புகள், கொஞ்சம் நோய்ப்பரவலியல் எல்லாம் இருக்கும். இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது தரம் பற்றிய பாடம். சிகிச்சையின் தரத்தைக் கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம் என்று 1966-இல் அவெடிஸ் டொனபீடியன் எழுதினார். விலையுயர்ந்த ஸ்கேன் கருவி வாங்குவது கட்டமைப்பு. ஆபரேஷனுக்கு முன் சரியான நேரத்தில் ஆன்டிபயாட்டிக் கொடுப்பது செயல்முறை. புண்ணில் சீழ் பிடிக்காமல் நோயாளி வீடு திரும்புவது விளைவு. முதலாவதை மட்டும் காட்டித் தரம் என்று விளம்பரம் செய்யும் நிர்வாகத்துக்குள் போய் மூன்றாவதைக் கேட்கும் தைரியம் ஒரு மேலாளருக்கு வேண்டும். அந்த விளைவை எப்படி அளப்பது என்று இந்த மூன்று படிப்புகளில் விரிவாகச் சொல்லித் தருவது எம்.எச்.ஏ.தான்.

குறையும் உண்டு. துறை மாற நினைத்தால் இந்தப் பட்டம் அதிகம் உதவாது. மருந்து நிறுவனம், ஆலோசனை நிறுவனம், முதலீட்டு நிறுவனம் போன்ற இடங்களில் எம்.பி.ஏ.வுக்குக் கதவு திறக்கிற அளவுக்கு இதற்குத் திறக்காது.

எம்.பி.ஏ.: சந்தை தெரியும், நோயாளியைப் புதிதாகக் கற்க வேண்டும்

கணக்கியல், நிதி, சந்தைப்படுத்தல், உத்தி ஆகியவற்றை எம்.பி.ஏ. அளவுக்கு அழுத்தமாக மற்ற இரண்டும் கற்பிப்பதில்லை. சக மாணவர்களும் பல துறைகளிலிருந்து வருவதால் தொடர்புகள் பரந்து இருக்கும்.

சிக்கல் அடிப்படையில் இருக்கிறது. சாதாரணச் சந்தையில் வாங்குபவரே தேர்வு செய்கிறார், அவரே பணம் கட்டுகிறார், அவரே பயன்படுத்துகிறார். மருத்துவத்தில் முடிவெடுப்பவர் டாக்டர், பணம் கட்டுவது பெரும்பாலும் அரசோ இன்சூரன்ஸோ, உடம்பைக் கொடுப்பது நோயாளி. மருத்துவச் சேவை ஏன் மற்றச் சந்தைகளைப் போல நடந்துகொள்வதில்லை என்று 1963-இல் பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ விளக்கினார். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த விளக்கம் பொருந்துகிறது. பொது எம்.பி.ஏ. பாடங்கள் பெரும்பாலும் சாதாரணச் சந்தையை மனதில் வைத்தே எழுதப்பட்டவை. சுகாதாரத்துக்கென்று நான்கைந்து விருப்பப் பாடங்கள் மட்டும் இருந்தால் இந்த வேறுபாடு மாணவரின் மனதில் படியாது.

பணம் வரும் வழி மாறினால் நிர்வாகமே மாறிவிடும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃபெட்டரும் ஜான் தாம்சனும் நோயாளிகளை ஒத்த தன்மையுள்ள குழுக்களாகப் பிரிக்கும் முறையை உருவாக்கினார்கள். டிஆர்ஜி என்று அதற்குப் பெயர். தாம்சன் நர்ஸாக இருந்து மருத்துவமனை நிர்வாகத்துக்கு வந்தவர். மருத்துவமனைகளின் வேலையை ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அதை உருவாக்கினார்கள். 1983-இல் அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் திட்டம் அதையே கட்டண முறையாக்கியது. அதுவரை செலவானதைக் கணக்குக் காட்டி வாங்கிய மருத்துவமனைகளுக்கு, அதன் பிறகு ஒரு நோயாளிக்கு இவ்வளவு என்று முன்பே தீர்மானித்த தொகைதான் வந்தது. நோயாளி கூடுதலாக ஒரு நாள் தங்குவது அதுவரை வருமானமாக இருந்தது, அதன் பிறகு நஷ்டமாக மாறியது. இந்த மாதிரித் திருப்பத்தைப் படித்துப் புரிந்துகொள்ளாமல் மருத்துவமனை பட்ஜெட்டில் கை வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எம்.பி.ஏ.வைத் தேர்ந்தெடுப்பவர்கள் கட்டண முறைகளைப் பற்றித் தனிப் பாடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

எம்.பி.எச்.: நிர்வாகத்துக்குப் பக்கவாட்டு வழி

புள்ளியியல், நோய்ப்பரவலியல், சுற்றுச்சூழல் சுகாதாரம், சமூக-நடத்தை அறிவியல், சுகாதாரக் கொள்கையும் மேலாண்மையும் ஆகிய ஐந்தும் இதன் மரபான தூண்கள். ஐந்தாவதைச் சிறப்புப் பாடமாக எடுத்தால் எம்.எச்.ஏ.வுக்கு ஓரளவு நெருங்கி வரலாம். அரசுத் துறை, தொண்டு நிறுவனங்கள், தடுப்பூசித் திட்டங்கள், சர்வதேச அமைப்புகள் என்றால் இதைவிடப் பொருத்தமான படிப்பு இல்லை. ஆபரேஷன் தியேட்டர் அட்டவணையையும் சம்பளப் பட்டியலையும் கையாளும் வேலைதான் வேண்டும் என்றால் இது சுற்று வழி.

பட்டத்தின் பெயரைவிடப் பெரிய விஷயம்

சரி, மருத்துவமனைதான் என்று முடிவாகிவிட்டது, கையில் அனுபவம் இல்லை என்றால் முழுநேர எம்.எச்.ஏ.வையே நான் பரிந்துரைப்பேன். ஒரு நிபந்தனை உண்டு. நீண்ட களப்பயிற்சி இருக்க வேண்டும், அந்தப் பயிற்சியில் மாணவருக்கு உண்மையான வேலை இருக்க வேண்டும். சில இடங்களில் பயிற்சி என்றால் ஒவ்வொரு துறையிலும் இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டு அறிக்கை எழுதித் தருவது. அதில் ஒன்றும் கிடைக்காது. மருத்துவமனையின் உண்மையான தரவைத் தொட்டு, ஒரு பிரச்சினையை எடுத்து, டாக்டர்களும் நர்ஸ்களும் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் தீர்வைச் சொல்லி, அவர்கள் எழுப்பும் எதிர்ப்பைச் சமாளித்துப் பார்த்தவர்தான் வேலைக்குத் தயாரானவர். மருத்துவமனை நிர்வாகத்தில் அதிகாரம் என்பது விசித்திரமானது. உங்களுக்குக் கீழே வேலை செய்யாத டாக்டரிடம்தான் உங்கள் திட்டத்தின் வெற்றி இருக்கும். இதைப் புத்தகத்தில் படித்துப் பழக முடியாது. படிப்பு முடிந்ததும் ஓரிரு ஆண்டு மூத்த நிர்வாகி ஒருவரின் கீழ் வேலை பழகும் நிர்வாக பெலோஷிப் அமெரிக்காவில் பரவலாக உண்டு. கிடைத்தால் விடாதீர்கள்.

டாக்டர், நர்ஸ், லேப் டெக்னீஷியன் என்று ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களின் கணக்கு வேறு. அவர்களுக்கு வார்டு தெரியும். பேலன்ஸ் ஷீட் தெரியாது. வேலையை விடாமல் படிக்கும் எக்ஸிகியூட்டிவ் எம்.எச்.ஏ. அவர்களுக்குப் பொருந்தும். வெள்ளியன்று வகுப்பில் கேட்டதைத் திங்களன்று தன் துறையிலேயே செய்து பார்க்கலாம். பெரிய மருத்துவமனைக் குழுமங்களின் தலைமைப் பொறுப்பைக் குறிவைக்கும் மூத்த டாக்டருக்கு மட்டும் எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ. கூடுதல் பயன் தரலாம். ஆன்லைன் படிப்பும் இவர்களுக்கு ஒத்துவரும், ஏனென்றால் களம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. அனுபவமே இல்லாதவர் முழுவதும் ஆன்லைனில் படிப்பதை மட்டும் நான் ஊக்குவிக்க மாட்டேன்.

அங்கீகாரத்தையும் பார்த்துவிடுங்கள். அமெரிக்காவில் எம்.எச்.ஏ.வுக்கு கேமி (CAHME), பொது சுகாதாரத்துக்கு செஃப் (CEPH), வணிகப் பள்ளிகளுக்கு ஏஏசிஎஸ்பி (AACSB) என்று அங்கீகாரம் தரும் தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன. மற்ற நாடுகளில் அந்தந்த நாட்டு விதியைப் பார்க்க வேண்டும். அங்கீகாரம் குறைந்தபட்சத் தரத்தை உறுதி செய்யும், அவ்வளவுதான்.

மிச்சத்தைப் பழைய மாணவர்களிடம் கேளுங்கள். கல்லூரி அறிமுகப்படுத்தி வைப்பவர்களை விட, நீங்களாகத் தேடிப் பிடித்தவர்கள் மனம் திறந்து பேசுவார்கள். படிப்பு முடிந்ததும் கிடைத்த முதல் பதவி எது, மூன்று ஆண்டு கழித்து இப்போது எதற்குப் பொறுப்பு, களப்பயிற்சியில் தொடங்கிய மாற்றம் எதுவும் அந்த மருத்துவமனையில் இன்னும் நடைமுறையில் இருக்கிறதா என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு ஆம் என்று பலர் சொன்னால் அந்த இடத்துக்குத் தாராளமாக விண்ணப்பிக்கலாம்.