ஆர்எஃப்ஐடி பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கிடங்கில் வேலை பார்ப்பவர்களைக் குறிவைத்து, "ஆர்எஃப்ஐடி டேக் பயன்படுத்தக் கற்றுத்தருகிறோம், பயிற்சி கிட்டும் சான்றிதழும் உண்டு" என்று விளம்பரம் வருகிறது. ஆர்எஃப்ஐடி டேக் என்பது சரக்கில் ஒட்டும் சிறு சில்லு; ரீடர் என்ற கருவி அதிலுள்ள எண்ணை ரேடியோ அலை மூலம் தொடாமலே வாசிக்கும். அப்படி ஒரு பயிற்சிக்கு எங்கள் அலுவலகம் என்னையும் இன்னும் சிலரையும் அனுப்பியது. புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. ஏமாற்றிய விதத்தை மட்டும் சொல்கிறேன்.

முதலில் டெமோ. டேக் ஒட்டிய அட்டைப்பெட்டிகள் அடுக்கிய பேலட்டை (சரக்கு அடுக்கும் பலகையை), ரீடரின் ஆன்டெனா பொருத்திய கேட் வழியாகத் தள்ளினார்கள். திரையில் எண் கிடுகிடுவென ஏறி ஆயிரத்தைத் தாண்டியது. எல்லாரும் கைதட்டினார்கள். ஆனால் அது டேக்குகளின் எண்ணிக்கை அல்ல, மொத்தம் எத்தனை முறை வாசித்தது என்ற எண்ணிக்கை. ஒரே டேக்கை ரீடர் ஒரு நொடிக்குள் பலமுறை வாசிக்கும். சரக்கு சரிபார்க்க வேண்டியது தனித்தனி இபிசி எண்கள் (ஒவ்வொரு டேக்கிலும் எழுதியிருக்கும் அடையாள எண்கள்) எத்தனை வந்தன என்பதைத்தான். அதைத் திரையில் காட்டவே இல்லை.

அதைவிட, பெட்டிகள் எல்லாமே காலி! இந்த வகை டேக்கில் பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்பும் அலையிலிருந்துதான் அது சக்தி எடுத்துப் பதில் சொல்கிறது. அந்த அலையைத் தண்ணீர் உறிஞ்சிவிடும், உலோகம் திருப்பி அடித்துவிடும். காலிப் பெட்டியில் எந்த டேக்கும் ஜோராக வேலை செய்யும்.

தண்ணீர் பாட்டிலும் தகர டின்னும் உள்ளே இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். பயிற்சியாளர் சொன்ன பதில்: "பவரை ஏத்துங்க சார், வந்துடும்." பவரை ஏற்றினால் பக்கத்து வாசலில் சும்மா நிற்கும் சரக்கும் சேர்ந்து பதிவாகும். வராத சரக்கு வந்ததாகக் கணக்கில் ஏறினால் அதைத் தேடிப்பிடித்து நீக்குவது பெரும் தலைவலி. உலோகத்தின் மேல் ஒட்டுவதற்கென்றே தனி டேக் உண்டு. திரவம் என்றால் டேக்குக்கும் திரவத்துக்கும் நடுவே கொஞ்சம் காற்று இடைவெளி கிடைக்கிற இடமாகப் பார்த்து ஒட்ட வேண்டும். ஆன்டெனாவின் கோணத்தை மாற்றி மாற்றிச் சோதிக்க வேண்டும். உண்மையில் கற்றுக்கொள்ள வேண்டிய வேலையே இதுதான். அவர்கள் பாடத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. பாதி நேரம் பார்கோடின் வரலாறு ஓடியது.

அப்புறம் கிட் வந்தது. பிரித்துப் பார்த்தால் 13.56 மெகாஹெர்ட்ஸ் ரீடர், அதாவது அலுவலகக் கதவில் அட்டையைக் காட்டும் வகை. சில சென்டிமீட்டர் தள்ளினாலே வாசிக்காது. பெட்டிகளை மீட்டர் கணக்கில் தள்ளி நின்று வாசிப்பது 860 முதல் 960 மெகாஹெர்ட்ஸுக்குள் இயங்கும் யுஎச்எஃப் என்ற வகை. டெமோவில் காட்டியதும் அதுதான். கேட்டதற்கு, "ரெண்டும் ஆர்எஃப்ஐடிதானே" என்றார்கள்.

சண்டை போட்டு யுஎச்எஃப் கிட் வாங்கினோம். அதிலும் ஒரு வேலை காட்டியிருந்தார்கள். டேக்குகளில் இபிசி நினைவகம் பூட்டியிருந்தது. வாசிக்கலாம், எழுத முடியாது. எழுத 32 பிட் அணுகல் பாஸ்வேர்டு வேண்டும். நிரந்தரமாகப் பூட்டியிருந்தால் பாஸ்வேர்டும் உதவாது. வேறொரு ரீடரில் போட்டுப் பார்த்தபோதும் நினைவகம் பூட்டியிருக்கிறது என்ற பிழைதான் வந்தது. எண் எழுதிய டேக்குகளை அவர்களிடமே வாங்க வேண்டுமாம். பயிற்சி என்ற பெயரில் நடந்தது டேக் வியாபாரம். யுஎச்எஃப் டேக்குகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 18000-63-க்கு உட்பட்ட வெற்று டேக்கை யாரிடம் வேண்டுமானாலும் வாங்கி, நம் எண்ணை நாமே எழுதலாம்.

இப்படிப்பட்ட பயிற்சியில் சேர நினைத்தால், பணம் கட்டும் முன் உங்கள் சரக்கையே ஒரு பெட்டி நிறைய எடுத்துப்போய் அவர்கள் கேட்டில் ஓட்டச் சொல்லுங்கள். தனி எண்களின் எண்ணிக்கையைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். கிட்டின் அலைவரிசை என்ன, டேக்குகள் பூட்டாதவையா என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, கிட் பெட்டியைப் பிரித்துவிட்டதால் முடியாது என்று பதில் வந்திருக்கிறது. கூடவே, அடுத்த நிலைப் பயிற்சிக்குத் தள்ளுபடி தருகிறார்களாம்.