யுசு, சுதாச்சி, கபோசு: தோலுக்கு ஒன்று, சாற்றுக்கு ஒன்று

செப்டம்பரில் ஒசாகாவின் காய்கறிக் கடைகளில் யுசு, சுதாச்சி, கபோசு என்னும் ஜப்பானியப் புளிப்புப் பழங்கள் மூன்றும் பச்சையாகத்தான் இருக்கும். ஒன்று எலுமிச்சையைவிடச் சிறியது, ஒன்று சின்னச் சாத்துக்குடி அளவு, மூன்றாவதன் தோல் மட்டும் மேடும் பள்ளமும். அங்கே குடியிருந்த முதல் ஆண்டில் சுதாச்சி என்று நினைத்துக் கபோசுவை வாங்கி வந்தேன். சுட்ட மீன்மேல் அரைப் பழம் பிழியுங்கள் என்று கடைக்காரர் சொன்னது நினைவிருந்தது. பிழிந்தேன். மீன் தட்டில் மிதந்தது. அவர் சொன்ன அரைப் பழம் சுதாச்சியின் அரை. கபோசுவின் அரையில் சுதாச்சிகள் இரண்டு அடங்கும்.

இந்த மூன்றையும் ‘ஜப்பானிய எலுமிச்சை’ என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். எலுமிச்சையை நாம் சாற்றுக்காக வாங்குகிறோம். அந்தக் கணக்கோடு யுசுவை வாங்கினால் ஏமாற்றம்தான். நறுக்கினால் உள்ளே விதையோ விதை. சாறு சில சொட்டு. நம் நார்த்தங்காயை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும்: அங்கேயும் சுளைக்கு மதிப்பில்லை, தோலுக்குத்தான்.

அடையாளம் எளிது. சுதாச்சி 30, 40 கிராம். உள்ளங்கையில் நான்கைந்து அடங்கும். கபோசு 100 முதல் 150 கிராம் வரை. அடிப்பகுதியைத் திருப்பிப் பாருங்கள், சிறு வளையம் புடைத்துக்கொண்டிருந்தால் கபோசு. யுசுவுக்கு எந்தப் பரிசோதனையும் வேண்டாம். நகத்தால் தோலை இலேசாகக் கீறினால் போதும், பக்கத்தில் நிற்பவரும் திரும்பிப் பார்ப்பார்.

அந்த மணத்தைச் சொல்லில் பிடிப்பது கடினம். ஆரஞ்சும் எலுமிச்சையும் கலந்தது என்று எழுதுவது வழக்கம். அதற்கு அடியில் மூலிகை போன்ற ஒரு காட்டமும் உண்டு, அதுதான் யுசு. தோல் எண்ணெயில் பெரும்பகுதி எலுமிச்சை, ஆரஞ்சு உட்பட எல்லா நாரத்தை இனங்களிலும் உள்ள லிமோனீன் என்னும் மணப்பொருள்தான். ஆனால் யுசுவை யுசுவாக்கும் பொருள் மிக மிகச் சிறிய அளவில் ஒளிந்திருந்தது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் அதை அடையாளம் காட்டி ‘யுசுனோன்’ என்று பெயரிட்டார்கள். அளவில் அற்பமான ஒன்று மொத்தப் பழத்தின் முகத்தையே தீர்மானிக்கிறது. வெப்பம் இந்த மணத்துக்குப் பகை. கொதிக்கும் சூப்பில் தோலைப் போட்டு மூடிவைத்தால் மணம் அடுப்படியோடு போய்விடும். கிண்ணத்தில் ஊற்றிய பிறகு, நகக்கண் அளவு தோலை மேலே இட்டு மூடியோடு பரிமாறுவதுதான் அவர்கள் முறை. மூடியைத் திறப்பவருக்கு முதலில் மணம், பிறகுதான் சூப்.

யுசு பயிரிடுவது பொறுமைசாலிகளின் வேலை. “பீச்சுக்கும் செஸ்ட்நட்டுக்கும் மூன்றாண்டு, சீமைப் பனிச்சைக்கு எட்டாண்டு” என்று தொடங்கும் ஜப்பானியப் பழமொழியின் ஒரு வடிவம், “பெருமுட்டாள் யுசுவுக்குப் பதினெட்டாண்டு” என்று முடிகிறது. விதையிலிருந்து வளர்க்கும் மரம் காய்க்க அத்தனை காலம் என்று கணக்கு. அதனால் இன்று பெரும்பாலும் கராதாச்சி என்னும் முள் நாரத்தை அடிமரத்தில் ஒட்டுக் கட்டுகிறார்கள். மூன்று நான்கு ஆண்டுகளில் காய் வந்துவிடும். விதைமரத்துப் பழத்துக்கு மணம் கூடுதல் என்று சத்தியம் செய்யும் விவசாயிகளும் உண்டு. ஒசாகாவை ஒட்டிய மினோ மலைப்பக்கத்தில் அப்படிப்பட்ட மரங்கள் இன்னும் நிற்கின்றன. ஒட்டோ விதையோ, முள் மட்டும் குறைவதில்லை. விரல் நீள முட்களுக்கு இடையே கையை விட்டு, மலைச்சரிவில் நின்றுகொண்டு, ஒவ்வொரு பழமாகக் கத்தரித்து எடுக்க வேண்டும். அந்தச் சரிவுகளில் நவம்பரில் ஏறுகிறவர்களில் பலருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. சில்லறை விலையைப் பார்த்து முகம் சுளிக்கும்போது இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஜப்பானின் யுசுவில் ஏறக்குறைய பாதி ஷிகோகு தீவின் கோச்சி மாநிலத்திலிருந்து வருகிறது (கேரளத்துக் கொச்சியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). அங்கே உமாஜி என்று ஒரு மலைக்கிராமம். ஆயிரம் பேர்கூட இல்லை. பரப்பில் 96 விழுக்காடு காடு. தேவதாரு மரம் வெட்டிப் பிழைத்த ஊர். மரத்தொழில் நொடித்ததும் கையில் மிஞ்சியது யுசு. அதுவும் தழும்பும் கரும்புள்ளியுமாக, சந்தையில் முழுப் பழமாக விலைபோகாத யுசு. பழத்தின் முகத்தைத் திருத்த அவர்கள் மெனக்கெடவில்லை. பிழிந்து புட்டியில் அடைத்தார்கள். 1988இல் அவர்களுடைய போன்சு, அதாவது யுசுச் சாறு கலந்த சோயா சாஸ், தோக்கியோவில் ஒரு பெரிய கடை நடத்திய கண்காட்சியில் பரிசு பெற்றது. அதே ஆண்டு தேனும் யுசுவும் சேர்ந்த ஒரு பானத்துக்கு ‘கொக்குன் உமாஜி கிராமம்’ என்று பெயர் வைத்தார்கள். ‘கொக்குன்’ என்பது மடக்கென்று விழுங்கும் ஒலி. ஊர்ப் பெயரையே விற்பனைச் சின்னமாக்கிய துணிச்சல் எனக்குப் பிடிக்கும். பிழிந்தபின் மிஞ்சும் விதையையும் அவர்கள் விடவில்லை. எண்ணெய் எடுத்து அழகுப் பொருளாக்கிவிட்டார்கள்.

யுசுவின் மதிப்பு தோலில் என்று மேலே சொன்னேன். அந்தத் தீர்ப்பைப் பொய்யாக்கும் ஊரும் இதே கோச்சிதான். அதன் கிழக்குப் பகுதியில் யுசுச் சாற்றை ‘யு-நோ-சு’, அதாவது யுசுக் காடி, என்று அழைத்து, அரிசி வினிகர் நிற்க வேண்டிய இடத்தில் அதை நிறுத்துகிறார்கள். சுஷிச் சோற்றில் அதைக் கலந்து, மீனுக்குப் பதிலாக மூங்கில் குருத்தும் கொன்யாக்கு என்னும் கிழங்கு மாவில் செய்த வில்லையும் வைத்துச் செய்யும் நாட்டுப்புறச் சுஷி அங்கே திருவிழா உணவு. பழம் மலிந்த இடத்தில் சாற்றைத் தாராளமாக ஊற்றலாம். ஒரு பழத்தைக் காகிதத்தில் சுற்றி வாங்கும் நகரவாசிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவருக்கு என் தீர்ப்பே பொருந்தும்.

யுசுவை மற்ற இரண்டிலிருந்தும் தனியே பிரித்து நிறுத்தும் தயாரிப்பு யுசு-கோஷோ. கியூஷு தீவில் பிறந்த இந்த விழுதில் பச்சை யுசுத் தோல், பச்சை மிளகாய், உப்பு, அவ்வளவுதான். ‘கோஷோ’ என்றால் ஜப்பானிய மொழியில் மிளகு. விழுதில் மிளகு துளியும் கிடையாது. கியூஷுக்காரர்கள் மிளகாயையும் அந்தப் பெயரால்தான் அழைத்தார்கள். மிளகிலிருந்து மிளகாய் என்று பெயர் வைத்த நமக்கு இதில் வியப்பில்லை. நார்த்தை இலையையும் மிளகாயையும் உப்பையும் இடித்து உருட்டிவிட்டு அதற்கு ‘வேப்பிலைக்கட்டி’ என்று பெயர் சூட்டியவர்கள் நாம். யுசு-கோஷோவை முதன்முறை நாக்கில் வைத்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. சுவை ஒன்றல்ல, யுக்தி ஒன்று: நாரத்தை மணத்தை உப்பாலும் காரத்தாலும் கட்டிப்போடுவது. பச்சை விழுது கூர்மையானது. பழுத்த மஞ்சள் தோலும் சிவப்பு மிளகாயும் சேர்ந்த சிவப்பு விழுது சற்று மெதுவானது. என் ஓட்டு பச்சைக்கே. கொள்ளு அளவு எடுத்துக் கோழிச் சூப்பின் ஓரத்தில் வைத்துப் பாருங்கள்.

யுசுவுக்கு இன்னொரு முகம் குளியலறையில். ஆண்டின் மிகக் குறுகிய பகலான டிசம்பர் 21 அல்லது 22 அன்று வீடுகளிலும் பொதுக் குளியலகங்களிலும் வெந்நீர்த் தொட்டியில் முழு யுசுக்களை மிதக்கவிடுகிறார்கள். அந்த நாளின் பெயரும் ‘வெந்நீர் வைத்தியம்’ என்னும் சொல்லும் ஜப்பானிய மொழியில் ஒரே ஒலி என்பதும் ஒரு சாக்கு. இஸு தீபகற்பத்து விலங்குப் பூங்கா ஒன்றில் காப்பிபாரா என்னும் பெருங்கொறிப்பிராணிகள்கூட யுசு மிதக்கும் தொட்டியில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும். சாறு பிழிந்த சக்கையை ஆவியில் வடித்து எடுக்கும் எண்ணெய் சிறு புட்டிகளில் கிடைக்கிறது. எண்ணெயை அறையின் மணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சமையலுக்கு என்று குறிப்பிட்டு விற்கப்படாத புட்டியை அடுப்படிக்குக் கொண்டுபோக வேண்டாம். சுதாச்சியையும் கபோசுவையும் குளியலில் போடுகிறவர்களும் இருப்பார்கள். ஆனால் மணம் என்ற ஒன்றுக்காக மட்டும் வாங்குவதென்றால் போட்டியே இல்லை, யுசுதான்.

சாப்பாட்டு மேசையில் கதை வேறு. அங்கே என் கை முதலில் நீளுவது சுதாச்சிக்கு. நாட்டின் சுதாச்சியில் ஏறக்குறைய முழுவதும் ஷிகோகுவின் தோகுஷிமா மாநிலத்தில் விளைகிறது. கமியாமா மலைநகரம் அதில் முன்னணி. அங்கே இதை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை, பக்கத்து வீட்டுக்காரர் பை நிறையக் கொடுத்துவிட்டுப் போவார் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். நம் ஊரில் முருங்கைக்காய் போல. சுதாச்சிப் பூதான் அம்மாநிலத்தின் மலர். பச்சையாக இருக்கும்போதே பறித்துப் பச்சையாகவே பயன்படுத்துவது. மஞ்சளாகிவிட்டால் அதன் கூர்மை போய்விடும். புளிப்பு வெடுக்கென்று வரும், உடனே ஒதுங்கிவிடும். அடியில் இருக்கும் பண்டத்தின் சுவையை மூடாது. அதனால்தான் மட்சுதாக்கே காளான் போன்ற விலையுயர்ந்த, மென்மணம் கொண்ட பொருளுக்குப் பக்கத்தில் யுசுவை வைக்காமல் இதை வைக்கிறார்கள். இலையுதிர்காலத்தில் வரும் சான்மா மீனைச் சுட்டு, துருவிய முள்ளங்கியும் அரைச் சுதாச்சியும் வைப்பது இன்னொரு வழக்கம். கோடையில் குளிர்ந்த நூடுல்ஸ் கிண்ணத்தின் மேற்பரப்பு முழுவதும் காகிதம் போல் சீவிய சுதாச்சி வட்டங்களைப் பரப்பித் தருவார்கள். பார்க்க அல்லிக்குளம். வட்டங்களை வெகுநேரம் ஊறவிட்டால் தோலின் கசப்பு இறங்கிவிடும்; முதல் சில வாய்களுக்குப் பிறகு எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள்.

கபோசுவுக்கு இந்த நாசூக்கு கிடையாது. அது உழைப்பாளி. கியூஷுவின் ஓயிதா மாநிலத்துப் பழம். நாட்டின் கபோசுவில் பெரும்பங்கு அங்கிருந்துதான். புளிப்பு மட்டு, சாறு ஏராளம். மிசோ சூப்பிலும், ஷோச்சு மதுவிலும், சாஷிமி என்னும் பச்சை மீன் துண்டுகளுக்குத் தொட்டுக்கொள்ளும் சோயா சாஸிலும் யோசிக்காமல் பிழிவார்கள். அங்குள்ள உசுகி நகரம் ஃபுகு மீனுக்குப் பேர்பெற்றது. அந்த மீன் துண்டுகளுக்குத் துணை கபோசு. இதோடு நிற்கவில்லை: வளர்ப்பு மீன்களின் தீவனத்தில் கபோசுவைக் கலந்து ‘கபோசு புரி’, ‘கபோசு ஹிராமே’ என்று விற்கிறார்கள். நறுக்கிய புரி மீனின் செந்தசை கறுக்காமல் அதிக நேரம் நிறம் காக்கும், கவிச்சியும் குறையும் என்பது காரணம். பிழிவதற்கும் ஓயிதாக்காரர்களிடம் ஒரு முறை உண்டு. நறுக்கிய முகம் மேலே, தோல் கீழே. அப்படிப் பிடித்து அழுத்தினால் விதை விழாது. சாறு தோலின் மீது வழிந்து அதன் மணத்தையும் அள்ளிக்கொண்டு இறங்கும். இன்று எலுமிச்சையையும் அப்படித்தான் பிழிகிறேன்.

வகாயாமாவின் கிதாயாமா கிராமத்து ஜபாராவையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன், மேற்சொன்ன மூன்றோடும் அது போட்டியிடாது என்றாலும். சுற்றிலும் வேறு மாநிலங்கள் சூழ, சொந்த மாநிலத்தோடு ஒட்டாமல் தனித் துண்டாகக் கிடக்கும் ஊர். அங்கே ஒரே ஒரு மரமாக நின்றதிலிருந்து பெருக்கிய பழம் அது. பெயருக்குத் ‘தீமை விரட்டி’ என்று பொருள் சொல்கிறார்கள். மகரந்த ஒவ்வாமைக்கு நல்லது என்று விற்கிறார்கள். மருந்தாக நம்பி நான் வாங்கமாட்டேன். கசப்பு கலந்த அதன் சாற்றுக்காக வாங்கலாம்.

வாங்கும்போது புட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஒரு விமானநிலையக் கடையில் அழகான காகிதம் சுற்றிய யுசு போன்சுவை நல்ல விலைக்கு வாங்கினேன். வீட்டில் வந்து பொருள்பட்டியலைப் பார்த்தால் சர்க்கரைப் பாகும் மணமூட்டியும் முன்னே நிற்க, யுசுச் சாறு கடைசி வரிசையில் இருந்தது. பட்டியலில் எது அதிகமோ அது முதலில் வரும். சாறு என்று விற்பதில் சாறு மட்டும் இருக்க வேண்டும். யுசு-கோஷோவில் தோல், மிளகாய், உப்பு மூன்றுக்கு மேல் பெயர்கள் நீண்டால் திருப்பி வைத்துவிடுங்கள். திறந்த பிறகு குளிர்ப்பெட்டி கட்டாயம். பச்சை நிறம் பழுப்பாவதற்கு முன் தீர்த்துவிடுவது உத்தமம்.

சென்னைக்கு எதைக் கொண்டுவருவது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். புதுப் பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு வர முடியாது; இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் கேட்பார்கள். யுசு என்றால் பச்சை யுசு-கோஷோ ஒரு சின்னப் புட்டி போதும், அதில்தான் மணம் பயணத்தைத் தாங்குகிறது. கபோசு என்றால் கலப்படமற்ற சாற்றுப் புட்டி. மணம் சற்றுக் குறைந்தாலும் புளிப்பு குறையாது. சுதாச்சியைப் புட்டியில் வாங்கி இரண்டு முறை பணத்தை வீணடித்தேன், மூன்றாம் முறை வாங்கவில்லை. அதன் சிறப்பே நறுக்கிய அந்த நொடியில்தான். அதற்கு ஆகஸ்டில் தோகுஷிமாவுக்கே டிக்கெட் எடுக்க வேண்டும். 12 முதல் 15ஆம் தேதிவரை ஆவா நடனத் திருவிழா நடக்கும் நாள்களில் தங்க இடம் கிடைக்காது. ஒரு வாரம் தள்ளிப் போங்கள், சுதாச்சி அப்போதும் மலிவாகத்தான் இருக்கும்.