ஆழாக்கா, கப்பா, தராசா?

எங்கள் அடுக்களையில் மூன்று அளவைகள் இருக்கின்றன: பாட்டி காலத்துப் பித்தளை ஆழாக்கு, பிளாஸ்டிக் கப் செட், ஒவ்வொரு கிராமாக ஏறும் டிஜிட்டல் தராசு. இதில் எது உசத்தி என்று யாராவது கேட்டால், எதை அளக்கப் போகிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்பேன்.

இட்லிக்கு ஆழாக்கே போதும். நாலு அரிசிக்கு ஒரு உளுந்து. ஆழாக்கு இல்லையென்றால் டம்ளர், இரண்டையும் தலைதட்டி அளந்தால் சரி. அரிசியும் உளுந்தும் 240 மில்லி கப்புக்கு ஏறக்குறைய 200 கிராம் நிற்பதால், தராசில் போட்டாலும் அதே நாலுக்கு ஒன்றுதான் வரும்.

இந்த நம்பிக்கையில்தான் மைசூர்பாகில் மாட்டிக்கொண்டேன். ஒரு கப் கடலை மாவு, இரண்டு கப் சர்க்கரை, இரண்டு கப் நெய் என்பது கணக்கு. தராசு வாங்கிய புதிதில் 100 கிராம் மாவு, 200 கிராம் சர்க்கரை, 200 கிராம் நெய் என்று நிறுத்துப் போட்டேன். கிண்டக் கிண்டக் கட்டி தட்டியதே தவிர, பாகு மாவை நனைக்கக்கூட எட்டவில்லை. சலித்த கடலை மாவு ஒரு கப் 100 கிராமுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். சர்க்கரையோ ஒரு கப்பே 200. அப்படியென்றால் எடையில் மாவைப் போல நாலு பங்கு சர்க்கரை வேண்டும். கப் கணக்கை அப்படியே தராசுக்கு மாற்றக்கூடாது என்று அந்தக் கட்டி சொல்லிக் கொடுத்தது.

கப்பிலும் எந்தக் கப் என்று பார்க்க வேண்டும். அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250. ரைஸ் குக்கரோடு வரும் கப் பெரும்பாலும் 180 மில்லிதான். உள்பாத்திரத்தில் போட்டிருக்கும் தண்ணீர்க் கோடும் அதற்கானதே. பெரிய கப்பில் மூன்று அரிசி போட்டு மூன்றாம் கோடு வரை தண்ணீர் ஊற்றினால் சோறு விதை விதையாக நிற்கும்.

மைதா இன்னும் மோசம். ஸ்பூனால் அள்ளிப் போட்டுத் தலைதட்டினால் ஒரு கப் 120 கிராம். கப்பை மாவுக்குள் அமுக்கி மொண்டால் 150 வரை ஏறும். கேக் செய்பவர்கள் தராசு வாங்கிவிடுவது நல்லது. வெல்லமும் அப்படித்தான், தட்டியது, துருவியது, அமுக்கியது என்று கப்பில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவு. (அதிரசத்து ஈர மாவுக்கு மட்டும் தராசும் உதவாது, ஈரத்தையும் சேர்த்தே நிறுக்கும். அரிசியை ஊறப்போடும் முன்பே நிறுத்துவிட வேண்டும்.)

உப்பு தூளாக இருந்தால் ஒரு டீஸ்பூன் சுமார் 6 கிராம். கல் உப்பு இடைவெளி விட்டு நிற்பதால் அதே ஸ்பூனில் எடை குறையும். அதனால் ஊறுகாய்க்கு நிறுத்துத்தான் போடுகிறேன். ஒரு சிட்டிகை சோடா மாவுக்கோ என் தராசு பூஜ்யம்தான் காட்டும். அங்கே ஸ்பூன்தான் கதி.

பழைய குறிப்பு எதையும் மாற்றி எழுதும் முன், உங்கள் ஆழாக்கில் எவ்வளவு பிடிக்கும் என்று பாருங்கள். தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினால் எத்தனை கிராமோ அத்தனை மில்லி. முன்பு படி ஊருக்கு ஊர் வேறாக இருந்ததால் ஆழாக்கும் வேறாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டுடையது 205 காட்டியது; மாமியார் வீட்டுடையது 170. அவர்கள் குறிப்பில் நான் வைத்த பொங்கல் ஏன் எப்போதும் ஒரு ஆளுக்கு மிஞ்சியது என்று அன்றுதான் புரிந்தது.