ஒலிம்பியா: பிலடெல்பியாவில் பார்க்க வேண்டிய பழைய குரூசர்

பிலடெல்பியாவின் டெலவேர் ஆற்றங்கரையில் அருங்காட்சியகமாக நிற்கும் 'ஒலிம்பியா' என்ற பழைய அமெரிக்கக் குரூசரை (வேகமாக ஓடும் போர்க்கப்பலை) பார்க்கச் செல்பவர்கள் மேல்தளத்திலேயே நேரத்தைச் செலவிட்டுவிட வேண்டாம். முன்னும் பின்னும் கோபுரங்களிலிருந்து நீண்டிருக்கும் 8 அங்குலப் பீரங்கிகள் பின்னாளில் வைத்த மாதிரிகளே. கப்பலின் உண்மையான சிறப்பு கீழே இருக்கிறது.

சான் பிரான்சிஸ்கோவின் யூனியன் அயர்ன் ஒர்க்ஸ் கப்பல் கட்டும் தளத்தில் கட்டப்பட்டு, 1892இல் நீரில் இறக்கப்பட்டு, 1895இல் கடற்படையில் சேர்ந்த கப்பல் இது. பக்கச் சுவர் முழுவதும் கவசம் பூட்டினால் எடை கூடி வேகம் குறையும். பூட்டாமல் விட்டால் ஒரே குண்டு கொதிகலனைப் பிளந்துவிடும். இந்தச் சிக்கலுக்கு அக்காலத்தார் கண்ட தீர்வு, கவசத்தை ஆமை ஓடு போல எந்திரங்களின் மேல் கவிழ்ப்பது. தட்டையான நடுப்பகுதியில் 2 அங்குலமும், நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கும் சரிவுகளில் 4.75 அங்குலம் வரையும் தடிமன் கொண்ட அந்த எஃகுத் தளத்தோடு, பக்கவாட்டு அறைகளில் கொட்டிவைத்த நிலக்கரியும் குண்டுகளைத் தாங்கும் என்று கணக்கிட்டார்கள். எரிபொருளையே காப்பாக்கிய இந்தச் சிக்கனம் என்னை மிகவும் கவர்கிறது. ஆனால் நிலக்கரி எரிந்து தீரத் தீர, அந்தக் காப்பும் குறைந்துகொண்டே போகும்.

எந்திர அறையில் நின்று நிதானமாகப் பாருங்கள். ஒரே நீராவி மூன்று உருளைகளில் அடுத்தடுத்து விரிந்து வேலை செய்வதால், அழுத்தம் குறையக் குறைய உருளையின் விட்டம் பெரிதாகிக்கொண்டே போவது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். இப்படிப்பட்ட இரண்டு எந்திரங்கள்தாம், 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்துக்கு வடிவமைத்த கப்பலைச் சோதனை ஓட்டத்தில் 21 நாட்டுக்கு மேல் கொண்டுசென்றன.

5 அங்குலப் பீரங்கிகள் இருக்கும் தளத்தில்தான் மாலுமிகள் உண்டார்கள், தூங்கினார்கள். அங்கிருந்து மேலேறி, கவசமிட்ட கட்டளைக் கோபுரத்தின் குறுகிய பிளவு வழியே வெளியே பாருங்கள். 1898 மே 1 அன்று ஸ்பானியக் கடற்படைக்கு எதிரான மணிலா விரிகுடாப் போரில், உடல் நலிந்திருந்த கேப்டன் கிரிட்லி அந்த இடுக்கிலிருந்துதான் கப்பலை நடத்தினார். அமெரிக்கக் கப்பல் அணியின் தளபதி டூயி திறந்த மேடையில் நின்றார். அடுத்த மாதமே கிரிட்லி ஜப்பானின் கோபேயில் இறந்துபோனார்.

1945க்குப் பிறகு இந்தக் கப்பல் பழுதுபார்க்க, நீரை வடித்து அடிப்பகுதியைச் சரிசெய்யும் உலர்துறைக்கு ஏற்றப்படவே இல்லை. நீர்மட்டத்தை ஒட்டிய தகடுகள் அரித்துப்போன நிலையில், நன்கொடையை நம்பியே பராமரிப்பு நடக்கிறது. ஆகவே நுழைவுக் கட்டணத்தைத் தயங்காமல் கொடுக்கலாம். ஏணிப்படிகள் செங்குத்தானவை என்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொண்டு இறங்குவது நல்லது. அருகிலேயே 'பெக்யூனா' நீர்மூழ்கியும் நிற்கிறது. ஒலிம்பியாவை முடித்துவிட்டு அங்கே போங்கள்.