வெரிகோசீல் ஆபரேஷன் முடிந்து காத்திருப்பவர்களுக்கு: ‘தெம்பு ஊசி’ என்றால் போட்டுக்காதீங்க

வெரிகோசீல், அதாவது விரைப்பையில் ரத்தக்குழாய் புடைத்திருப்பதற்கான ஆபரேஷன் செய்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற தம்பதிகள் இதைக் கட்டாயம் படிங்க. அந்தக் காத்திருப்பைக் குறி வைத்தே ஒரு மையம் எங்களை ஏமாற்றியது. நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருப்பதால் பெயர் எழுதவில்லை. திருப்பூர்ப் பக்கம் என்பது மட்டும் போதும்.

எங்க வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் துணியைச் சூட்டில் காயவைக்கும் ஸ்டென்டர் மிஷின் ஓட்டியவர். நாளெல்லாம் சூட்டில் நிற்கிற வேலை. விந்தணு குறைவு, விரைப்பையில் ரத்தக்குழாய் புடைத்திருக்கிறது என்று கோயமுத்தூரில் ஆபரேஷன் நடந்தது. அந்த டாக்டர் தெளிவாகவே சொல்லி அனுப்பினார். ஒரு விந்தணு உருவாகச் சுமார் 74 நாள், அது வெளியே வந்து சேர மேலும் ஓரிரு வாரம். மூணு மாசத்துக்கு முன்னாடி டெஸ்ட் எடுத்தால் பழைய அணுவைத்தான் எண்ணுவோம். முழுப் பலன் தெரிய ஆறு மாசம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும் என்றார். சூடு ஆகாது என்றதும் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று இவர் செக்கிங் பக்கம் மாறிக்கொண்டார்.

மூணு மாசம் என்று சொல்வது சுலபம். நோம்பிக்கு ஊருக்குப் போனால் வந்த ஒறம்பரை எல்லாம் என் வயிற்றைத்தான் பார்ப்பாங்க. மாமியாருக்கே ஆபரேஷன் விஷயம் தெரியாது, குடலிறக்கம் என்று சொல்லி வைத்திருந்தோம். இவர் யாரிடமும் வாய் திறக்கமாட்டார், ராத்திரியில் தூங்கவும் மாட்டார். அந்த நேரத்தில்தான் கல்யாண மண்டபத்தில் இலவசக் குழந்தையின்மை முகாம் என்று நோட்டீஸ் வந்தது.

முகாமிலிருந்து மையத்துக்கு வரச் சொல்லி சாம்பிள் வாங்கினார்கள். எத்தனை நாள் சேராமல் இருந்தீங்க என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி இல்லாமல் எடுத்த எண்ணிக்கையை நம்பவே கூடாது. ஆபரேஷன் தேதியும் சீட்டிலேயே இருந்தது, ஒண்ணரை மாசம்கூட ஆகவில்லை. ஆனாலும், “ஆபரேஷன் ஃபெயிலியருங்க, நேரா இக்ஸி போயிடலாம், அதுவரைக்கும் தெம்புக்கு ஊசி போடலாம்” என்றார் அங்கிருந்த டாக்டர். இக்ஸி என்றால் லேபில் ஒரு விந்தணுவை ஊசி வழியாகக் கருமுட்டைக்குள் செலுத்தும் முறை. பக்கத்து அறையில் கவுன்சிலர் என்று ஒரு அம்மா, “இன்னைக்கே அட்வான்ஸ் கட்டுனா தள்ளுபடி கண்ணு” என்று தவணைக் கணக்கை எடுத்து வைத்தார். என் ரிப்போர்ட் எல்லாம் சரியாக இருந்தும் எனக்கும் மறுபடி எல்லா டெஸ்டும் எழுதினார்கள்.

ஊசி போட்டதும் இவருக்கு உண்மையிலேயே உடம்பு தெம்பானது. முகத்தில் களை வந்தது, ஆசையும் கூடியது. இந்த மோசடியில் எனக்கு ஆறாத இடம் இதுதான். கெடுக்கிற மருந்து, குணமாக்குகிற மாதிரியே உடம்புக்குள் நடந்துகொள்கிறது. யாருக்குச் சந்தேகம் வரும்?

மூணு மாசம் முடிந்து கோயமுத்தூரில் டெஸ்ட் எடுத்தால் அணு கிட்டத்தட்ட இல்லை. ஆபரேஷனுக்கு முன்னால் இருந்ததைவிட மோசம். கொண்டுபோயிருந்த ஊசி அட்டையைப் பார்த்ததும் டாக்டர் முகம் மாறிவிட்டது. அது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன். வெளியிலிருந்து அந்த ஹார்மோனை ஏற்றினால், இருப்பது போதும் என்று மூளை விரைக்கு அனுப்பும் எல்எச், எஃப்எஸ்எச் என்ற இரண்டு தூண்டும் ஹார்மோன்களையும் குறைத்துவிடும். அணு உற்பத்தி படுத்துவிடும். ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே இதே ஊசியைச் சோதித்து 1990-ல் உலக சுகாதார நிறுவனம் முடிவு வெளியிட்டிருக்கிறது. குழந்தை வேண்டும் என்று வந்தவருக்கு இதைப் போட்டவர் ஒரு டாக்டர் என்பதை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஊசியை நிறுத்தியபின் அணு மெதுவாகத் திரும்பி வருகிறது. பலருக்கு ஆறு மாசம், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகுமாம். முதல் காத்திருப்போடு இதுவும் சேர்ந்துகொண்டது. இப்போது மாமியாரிடம் எல்லாம் சொல்லிவிட்டோம். “அத சொல்றதுக்கு என்ன சாமி” என்று அவங்க இவர் தலையைத் தடவினாங்க. அன்றைக்கு ராத்திரி இவர் தூங்கினார்.

மையம் அட்வான்ஸைத் திருப்பித் தரவில்லை, ஃபைலும் தரவில்லை. எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளின் நகலைக் கொடுக்கவேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. பதிவுத் தபாலில் கேளுங்க. 2021-ம் வருஷத்துச் செயற்கைக் கருத்தரிப்பு மையங்களுக்கான சட்டப்படி இக்ஸி செய்கிற மையம் பதிவு பெற்றிருக்கவும் வேண்டும், பணம் கட்டும் முன் அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்க. நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் இல்லாமலே மனு போடலாம், இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும். ஊசி எதுவானாலும் பாட்டிலையும் அட்டையையும் கேட்டு வாங்கிக்கங்க. பில்லில் எங்களுக்கு ‘இஞ்செக்‌ஷன்’ என்று மட்டும்தான் போட்டிருந்தார்கள். மருந்தின் பெயருக்கு எங்களிடம் இருக்கிற ஒரே சாட்சி அந்த அட்டைதான்.