116: சைல்ட்லைன் சேவை எப்படி?

தென்னாப்பிரிக்காவில் பிள்ளைகளுக்குக் கொடுமை நடந்தால் சொல்ல உதவும் தொலைபேசிச் சேவையான சைல்ட்லைனுக்கு 116 அழுத்தினால் போதும். கட்டணம் இல்லை, நடுராத்திரியிலும் பேசலாம். மூன்றே இலக்கம் என்பதுதான் பெரிய பலம், சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடமாகிவிடும்.

விவரம் போதாவிட்டால் அழைப்பு வீணாகும். 'சாட்ஸ்வர்த்' என்று டர்பனின் பெரிய பகுதி ஒன்றின் பெயரை மட்டும் சொன்னால் எங்கே தேடுவார்கள்? யூனிட் எண், தெரு, வீட்டு எண், பள்ளி, சந்தேகத்துக்குரிய ஆள் இருப்பது அதே வீட்டிலா என்பதை எழுதி வைத்துக்கொண்டு அழையுங்கள். உயிருக்கே ஆபத்தென்றால் முதலில் போலீஸ், 10111.

பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள். "மாமா கதவப் பூட்டினாரு" என்றால் அதே சொற்களைத் தேதியோடு எழுதுங்கள். திரும்பத் திரும்பக் கேட்டால் பேச்சு மாறும். வழக்கில் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும்.

பாலியல் வன்முறையா? போனோடு நிற்காதீர்கள். குளிப்பாட்ட வேண்டாம். உடுப்பைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு, பிள்ளையோடு பாலியல் வன்முறைக்கு ஆளானோரைக் கவனிக்கும் துதுசேலா மையத்துக்குப் போங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெடும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.

ஆசிரியர், மருத்துவர் கவனிக்க: 2005ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம், பிரிவு 110 உங்களைப் புகார் செய்யச் சொல்கிறது. 116 அழைத்தாலும் அந்தப் புகாருக்கான படிவம் 22 நிரப்பித்தான் ஆக வேண்டும்.

மற்றபடி, முதல் அழைப்புக்குத் தயங்காமல் இந்த எண்ணையே சொல்வோம்.